தறி ஓடினால் தூங்கும் பிள்ளை

நர்ஸம்மா இருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டு வந்தவள் ஒருத்தி. இட்லிக் கடைக்காரி ஒருத்தி. தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிப் பிழைத்த நான். விசைத்தறி ஓட்டுகிறவரின் பெண்டாட்டி. அவள் மடியில் எட்டு மாதப் பிள்ளை, சளியோடு.

சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். பிள்ளைகளுக்கு வரும் சளி, காய்ச்சல், பேதியைப் பார்க்க நர்ஸம்மாவிடம் எங்கள் மூவருக்கும் பயிற்சி. அன்றைக்கு அங்கன்வாடியில் மூச்சு எண்ணும் பாடம். பிள்ளை அழக்கூடாது. வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். இந்த வயதுக்கு ஐம்பதோ அதற்கு மேலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை, பாலும் குடிக்கிறது என்று நர்ஸம்மா பார்த்துச் சொன்னார். தாய்க்காரிக்குப் பயம் போகவில்லை.

"எண்ணிச் சொல்லுங்க. ராத்திரியெல்லாம் மூச்சையே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க."

சட்டையைத் தூக்கினோம். அழுகை. இட்லிக் கடைக்காரி கை தட்டினாள். நர்ஸம்மா சாவிக்கொத்தை ஆட்டினார். அழுகை கூடியது.

"ஏம்மிணி, எப்பவும் எப்படித் தூங்கும்?" என்று தாய்க்காரியைக் கேட்டேன்.

"தறிக்குடோன்லதாங்க தொட்டில். தறி ஓடுனாத்தான் தூங்கும். இங்க சத்தமே இல்லீங்களே, பயந்துக்குது."

எல்லோரும் குடோனுக்குப் போனோம். தொட்டிலில் போட்டதும் தூங்கிவிட்டது. எண்ணினோம். செக்கிங்காரிக்கு நூற்று முப்பதுக்கு மேல். எனக்கும் அப்படித்தான். தாய்க்காரி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸம்மா எங்கள் காதருகே வந்து கத்தினார். "பிள்ளைய எண்ணச் சொன்னா தறியடிய எண்ணியிருக்கீங்க!"

உண்மைதான். தறி அடிக்க அடிக்க வாய் தானாக எண்ணிவிட்டது.

பிள்ளையின் அப்பன் தறிகளை நிறுத்தினார். சத்தம் அடங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து வீறிட்டது.

"போடுங்க, தறியப் போடுங்க!" என்றார் நர்ஸம்மா.

"நிறுத்துங்கறீங்க, போடுங்கறீங்க. மொதலாளி வந்தா என்னங்க சொல்றது?"

"மூச்சு எண்ணுறாங்கன்னு சொல்லுங்க."

"யாரு மூச்சுன்னு கேப்பாருங்க. என்ற மூச்சுதான்னு சொல்லிப்போடறேன்."

தறி ஓடியது. பிள்ளை தூங்கியது. நான் நர்ஸம்மாவின் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் அடைத்தேன். அவரும் அடைத்துக்கொண்டார். கடிகாரத்தை இட்லிக் கடைக்காரியிடம் கொடுத்தோம். தொடங்கத் தோளில் ஒரு தட்டு, முடிக்க ஒரு தட்டு என்று ஏற்பாடு. மாவாட்டின கை. தோள் இரண்டு நாள் வலித்தது.

கத்தினாலும் கேட்காது. அதனால் ஆளுக்கொரு பேனா வாங்கி, ஒருவரையொருவர் பார்க்காமல் உள்ளங்கையில் எழுதினோம். என் கையை அவர் பார்த்தார். அவர் கையை நான் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். தாய்க்காரிக்குப் பொறுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

44.