ராவுத்தரின் கால் பெருவிரல்

இராஜபாளையம் பருத்திப் பேட்டையில் வாயைத் திறந்து விலை சொல்லாத மனுஷன் என்று ஜெய்னுலாப்தீன் ராவுத்தருக்குப் பெரிய பேர். அந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பியவரும் அவரேதான். "இத்தனை வருஷத் தரகுல இந்த வாயிலேருந்து ஒரு விலை வெளிய வந்திருக்கா? சொல்லும் பாப்போம்!" என்று எதிரே வருகிறவனை எல்லாம் நிறுத்திக் கேட்பார். எதிரே வந்தவனும், "வரலையே ராவுத்தரே, வரவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டுவான்.

அந்தக் காலத்துப் பேட்டையில் விலை பேசுவது வாயால் அல்ல, கையால். தரகர் தன் தோள்துண்டை எடுத்துக் கையின்மேல் போடுவார். வாங்குகிறவர் கை துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. பத்து என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதி, அதைப் பிடிக்க வேண்டியதில்லை. வாங்குகிறவரிடம் பேசி முடித்ததும் அதே துண்டுக்குள், பருத்தி விளைவித்து விற்க வந்த சம்சாரியின் கையைப் பிடித்து அந்த விலையைச் சொல்வார் தரகர். துண்டுக்குள் கேட்ட விலையை வெளியே சொல்லக் கூடாது. சொன்னவன் கையை அடுத்த சந்தையில் எந்தத் தரகரும் தொடமாட்டார். சொன்னது தரகர் என்றால் கேட்கவே வேண்டாம், அவர் துண்டை மடித்து வீட்டில் வைத்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவு கட்டுக்காவலில் ராவுத்தருக்கு ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது அவருடைய வலது கால் பெருவிரல். சாக்கின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டுக்குள் விரலைப் பிடிக்கும்போதெல்லாம், கீழே பெருவிரல் அதே கணக்குக்கு எழும்பி எழும்பி ஆடும். பொதிக்குப் பதினாறு ரூபாய் என்றால் ஆறு ஆட்டம். அரை ரூபாய் கூடுதல் என்றால் கடைசியில் ஒரு சின்ன நடுக்கம். மேலே முகம் என்னவோ பரம ரகசியம் காக்கிற முகம்! கீழே தண்டோரா!

பேட்டைக்கே இது தெரியும். மம்சாபுரத்துச் சம்சாரிக்குத் தெரியும், கூமாப்பட்டியிலிருந்து வண்டி கட்டி வருகிறவனுக்குத் தெரியும். தெலுங்கு பேசுகிற ராஜுக்களுக்கும் தமிழ் பேசுகிறவர்களுக்கும் நடுவில் ஆயிரம் வம்பு இருக்கலாம், பெருவிரல் பேசுவது எல்லோருக்கும் விளங்கியது. முன்னே விற்றவனுக்கு என்ன விலை என்று பின்னே நிற்கிறவன் கண்ணால் பார்த்துவிடுவான். அதனால் ராவுத்தரிடம் ஒருவனும் ஏமாந்ததில்லை. தெரியாத ஒரே ஆள் ராவுத்தர். தன் எதிரே வந்து நிற்கிற சம்சாரிகள் எல்லோரும் தலை குனிந்தே நிற்பதைப் பார்த்து, தன்மேல் அவ்வளவு மரியாதை என்று பாவி மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார்.

சீமை மகாராணி காலமான வருஷம், பங்குனி மாசம். ஊரெல்லாம் வெடித்த பருத்தியும் பெண்கள் மடியெல்லாம் பஞ்சுமாக இருந்த நேரத்தில், வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு வைகுண்டராஜ் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கினார். கோட்டு, தலைப்பாகை, கையில் ஒரு பிரம்பு. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கம்பெனிக்கு இனி ஒரே தரகர்தான், அந்த ஆளைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்றார்.

ராவுத்தருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் அவருடைய மச்சான் ஜமால் முகமது. மனைவி ஹாஜராவின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் நாலு பேர் நடுவில், "நம்ம மாப்பிள்ளைக்கென்ன, ஊரான் கையைப் பிடிச்சே காலத்தை ஓட்டிருவாக" என்பார். பந்தியே சிரிக்கும். கம்பெனித் தரகர் என்று ஆகிவிட்டால் அந்த வாய் அடைத்துப்போகும். ராவுத்தர் உசிரை விட்டாவது அந்த வேலையை வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினார்.

வைகுண்டராஜ் ஒரு சந்தை முழுக்க ராவுத்தரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சம்சாரிகள் எல்லோரும் ஏன் தரையையே பார்க்கிறார்கள் என்று அவரும் குனிந்து பார்த்தார். கெட்டிக்கார மனுஷன், செத்த நேரத்தில் பிடித்துவிட்டார்.

"ராவுத்தரே, உமக்கு வாய் காலுல இருக்கு" என்றார்.

"என்ன சொல்லுதீய?"

"உம்ம பெருவிரலு விலை சொல்லுது ஓய். அதை மூடிக்கிட்டு வாரும். அடுத்த சந்தையில கம்பெனிக்குச் சரக்குப் பேசிக் காட்டும். ரகசியம் தங்கினா வேலை உமக்கு. தங்கலைன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

ராவுத்தர் நேரே வீட்டுக்கு ஓடினார். ஹாஜரா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, என் காலு ஆடுதா?"

"ஆடும். அதுக்கென்ன இப்ப?"

"எப்பருந்து?"

"என்னைக் கட்டிக்கிட்ட மாசத்துலருந்து பாக்கேன். நீங்க சாப்பிட உக்காந்து அன்னைக்கு முடிச்ச யாவாரத்தை மனசுக்குள்ள ஓட்டுவீய. அது கீழ ஆடும். அதை வச்சுத்தான் நாளைக்குக் கறியா, கத்திரிக்காயான்னு நான் முடிவு பண்ணுதேன்."

வருமானத்தைச் சொல்லாமலேயே குடும்பத்தை இத்தனை கச்சிதமாக நடத்துகிறாளே என்று ராவுத்தர் இத்தனை காலமும் அவளை மெச்சிக்கொண்டிருந்தார். இப்போது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கே தெரியுமா?"

"ஊருக்குத் தெரியாமயா? பேட்டையில யாரு உங்க மூஞ்சியப் பாக்கா?"

அது போய் நெஞ்சில் தைத்தது. அப்படியென்றால் தலை குனிந்து நின்ற அத்தனை பேரும்? அத்தனை மரியாதையும்? எல்லாம் ஒரு விரலுக்கா! அவமானத்தில் மனுஷனுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. காலை மூடவேண்டும், உடனே மூடவேண்டும்.

மூடுவதற்குப் பூட்சு வேண்டும். அந்த வட்டாரத்தில் ராவுத்தர் கேட்டு வாங்கக்கூடிய பூட்சு ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆமாம், மச்சான் வீட்டில். ஜமால் முகமது எதற்கு என்று கேட்டு, காரணத்தைக் கறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தீர்த்த பிறகுதான் தன் பூட்சைக் கொடுத்தார். அது ராவுத்தருக்கு நீளத்தில் பெரிசு, அகலத்தில் சிறிசு. நீளத்துக்கு, முனையில் கருங்கண்ணி ரகப் பஞ்சை வைத்து அடைத்தார். அகலத்துக்கு அல்லாவை வேண்டிக்கொண்டார்.

அடுத்த சந்தைக்கு ராவுத்தர் பூட்சோடு நடந்து வந்ததைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாம்பு கடித்துவிட்டது என்றார் ஒருவர். ஆணிப்புண் என்றார் இன்னொருவர். மம்சாபுரம் ஐயாதுரை முன்னால் வந்து, அவர் காலையே வெறித்துப் பார்த்து, "என்ன ராவுத்தரே இது, காத்தோட்டமே இல்லாம?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"கம்பெனி உத்தியோகம் வருதில்லா, இப்படித்தான் இருக்கணும்" என்றார் ராவுத்தர். காலோ உள்ளே நசுங்கிக்கொண்டிருந்தது.

முதல் சரக்கு ஐயாதுரையுடையது. ராவுத்தர் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஈரம் பார்த்தார். ஒரு பிடி எடுத்து இழுத்து நீளம் பார்த்தார். சுமாரான பஞ்சு, கொஞ்சம் சருகும் கிடந்தது. துண்டுக்குள் வைகுண்டராஜ் பதினாறு என்று பிடித்தார். ஐயாதுரைக்குச் சம்மதம். சுற்றி நின்றவர்கள் பூட்சைப் பார்த்தார்கள், அது சும்மா கிடந்தது. ஐயாதுரை முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். வைகுண்டராஜ் ராவுத்தரின் தோளைத் தட்டி, "இதுதான் ஓய் எனக்கு வேணும்" என்றார். ராவுத்தருக்கு மச்சான் முகம் கண்முன் வந்து போயிற்று. வலியைக்கூட மறந்து கெத்தாக உட்கார்ந்தார்.

அடுத்து வந்தவள் கூமாப்பட்டி அன்னத்தாய். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்வருகிற கிறிஸ்தவப் பெண். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் விட்டுப்போன காட்டைத் தானே உழுது, தானே விதைத்து, தானே எடுத்து வருகிறவள். பெண்பிள்ளை துண்டுக்குள் கை விடுவது வழக்கமில்லை, எந்தத் தரகரும் தொடவும் மாட்டார். வீட்டில் ஆம்பிளை இருந்தால் அவன் கை கொடுப்பான். அன்னத்தாய்க்கு அதற்கு ஆள் இல்லை. அவளுக்காக வாங்குகிறவரிடம் தரகரே பேசி முடித்து, "முடிச்சிரலாமாம்மா?" என்று கேட்பார். அவள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வாள். விலை என்ன என்று அவளுக்குத் தெரிவது பணம் கைக்கு வரும்போதுதான்.

ஆனால் இந்த அன்னத்தாய் ஒரு தடவைகூடக் குறைந்த விலைக்கு ஆமாம் சொன்னதில்லை. "இன்னும் ஒண்ணு ஏத்திக் கேளுங்க ராவுத்தரே" என்பாள், அது சரியாகவும் இருக்கும். படிக்காதவள், கை கொடுக்காதவள், எப்படி இப்படிக் குறி தப்பாமல் கேட்கிறாள் என்று ராவுத்தர் பல தடவை வியந்திருக்கிறார். இன்றைக்கு அவள் எதிரே வந்து உட்கார்ந்து பூட்சைப் பார்த்துத் திகைத்துப் போனபோதுதான் விஷயம் அவருக்கு விளங்கிற்று.

ராவுத்தர் அவள் மூட்டைக்குள் கையை விட்டார். பஞ்சு என்றால் அதுதான் பஞ்சு! ஒரு சருகு இல்லை, ஈரம் இல்லை, இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வந்தது. ஐயாதுரையின் சரக்கு இதன் பக்கத்தில் நிற்காது. துண்டைப் போட்டார். வைகுண்டராஜின் கை உள்ளே வந்து, இரண்டு விரலைப் பிடித்தது.

பன்னிரண்டு.

தப்பாகப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று ராவுத்தர் எட்டுப் பிடித்தார், பதினெட்டு. அந்தக் கை மறுபடியும் இரண்டு விரலையே பிடித்தது, இந்தத் தடவை அழுத்தி. வைகுண்டராஜ் காதருகே குனிந்து, "அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது? உம்ம காலுதான் மூடியிருக்கே" என்று சிரித்தார்.

அன்னத்தாய் பூட்சைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக ராவுத்தரின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கலை ராவுத்தரே. நீங்க பாத்து முடிச்சா சரிதான்" என்றாள்.

ஐயோ, அந்த ஒரு சொல்! திட்டியிருந்தால்கூட ராவுத்தர் தாங்கியிருப்பார். இத்தனை வருஷமும் தன் சாமர்த்தியத்தால் எல்லோருக்கும் நியாயமான விலை வாங்கிக் கொடுத்தோம் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த மனுஷனுக்கு, நியாயம் எந்த இடத்தில் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு பக்கம் கம்பெனி வேலை, ஜமால் முகமதுவின் அடைபட்ட வாய். இன்னொரு பக்கம் இந்த மூட்டை.

இடது கையால் பூட்சைப் பிடித்து இழுத்தார். அது வருவேனா என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் பூட்சு ஒரு பக்கமும் கருங்கண்ணிப் பஞ்சு ஒரு பக்கமுமாகப் பறந்தன. வெளியே வந்தது பெருவிரல். பேட்டையே குனிந்தது. "ஆடு!" என்று ராவுத்தர் மனசுக்குள் கத்தினார். இரண்டு தடவை ஆடினால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள், நாமும் எதுவும் சொன்னதாக ஆகாது. ஆனால் விடிந்ததிலிருந்து பூட்சுக்குள் நசுங்கிக் கிடந்த விரல் மரத்துப்போய்க் கட்டை மாதிரி நின்றது. கிள்ளிப் பார்த்தார். குத்திப் பார்த்தார். வேண்டாத காலமெல்லாம் ஊருக்குப் பறையடித்த சனியன், வேண்டிய நேரத்தில் மௌன விரதம் இருந்தது!

"என்ன ஓய் கூத்து இது? பேரத்தை முடியும்" என்றார் வைகுண்டராஜ்.

ராவுத்தர் எழுந்து நின்றார். ஒரு காலில் பூட்சு, ஒரு கால் வெறுங்கால், ஆள் கோணலாக நின்றார். வாயைத் திறந்தார்.

"பன்னெண்டு!" என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "அன்னத்தாய், ஒனக்குப் பன்னெண்டு ரூபாய்க்குக் கேக்காரு! ஐயாதுரைக்குக் கொடுத்தது பதினாறு! ஒம் பஞ்சு பதினெட்டுக்கு ஒரு பைசா கொறையாது! கொடுக்காதே!"

பேட்டையில் தராசுகூட ஆடவில்லை. எடை போட்டுக்கொண்டிருந்தவன் கையில் படிக்கல் அப்படியே நின்றது. துண்டுக்குள் கேட்ட விலையை ஒரு தரகர் வாயால் சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வைகுண்டராஜ் கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு, பிரம்பை எடுத்துக்கொண்டு, "உமக்குக் கம்பெனியும் கிடையாது, இனி இந்தப் பேட்டையும் கிடையாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்ற தரகர்கள் ராவுத்தரைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ராவுத்தர் சாக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். போயிற்று. கம்பெனி போயிற்று, பேர் போயிற்று, தொழிலும் போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்னத்தாயாவது கும்பிட்டு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று அவள் பக்கம் பார்த்தார்.

அவள் மூட்டை வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே, ஒன்றும் புரியாதவளாக அவரைப் பார்த்தாள்.

"ஏன் ராவுத்தரே, வாயால சொன்னாலே வெளங்குதே! பொறவு இம்புட்டு நாளும் எதுக்குத் துண்டைப் போட்டு மூடுனீய?"

பதிலுக்கு ராவுத்தர் சுற்றி நின்ற தரகர்களைப் பார்த்தார். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.