டிரைவரை ஒய் என்று வைத்தேன்

அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடையில் நான் பெருக்குகிற வேலை பார்த்தேன். மேடையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து எடைச் சீட்டுப் போட ஆள் வேண்டும் என்றார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும். நான் கணக்கில் மட்டும் தேறாமல் போனவள். அந்த அறையில் ஃபேன் இருந்தது. வெளியே தூசி இருந்தது. இந்த வயதில் மறுபடி பரீட்சை எழுத வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஞாயிறுதோறும் பெரம்பலூரில் ஒரு டுட்டோரியலுக்குப் போனேன். டீச்சருக்கு என் மகள் வயது. கூடப் படித்தவர்கள் அதற்கும் கீழே. கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து, யாராவது கேட்டால் மட்டும் பேசலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அசமன்பாட்டுப் பாடம் நடந்தது. காலி லாரி பத்து டன். கல்லோடு இருபத்தெட்டைத் தாண்டக்கூடாது. எவ்வளவு கல் ஏற்றலாம்? எல்லோரும் கல்லை எக்ஸ் என்று வைத்து முடித்துவிட்டார்கள். எனக்கு விடை வரவில்லை. டீச்சர் என் நோட்டைப் பார்த்தார்.

“எக்ஸ் சரி. பத்துலேருந்து ஒய்யக் கழிச்சிருக்கீங்களே, அது யாருங்கக்கா?”

“டிரைவருங்க.”

“கணக்குல டிரைவரே இல்லியே.”

“அப்ப வண்டி எப்பிடிங்க மேடைக்கு வந்துச்சு?”

வகுப்பு சிரித்தது. “கிளீனர வுட்டுட்டீங்கக்கா, அவருக்கு இசட்டு போடுங்க” என்றாள் முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி.

எங்கள் மேடையில் காலி வண்டிக்கு டிரைவர் இறங்கமாட்டார். லோடு வண்டிக்கு இறங்கி ஓரமாக நிற்பார். அவர் எடை குறைந்தால் வண்டி அளவுக்குள் நிற்கும். அதனால் ஒரு முறை இருக்கிறார், ஒரு முறை இல்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. “லோடுக்கும் அவரு ஏறியே இருந்தா?”

“கழிச்ச ஒய்யத் திரும்பக் கூட்டணுங்க.”

“கூட்டுங்க.”

கூட்டினேன். ஒய் போய்விட்டது. பத்துக் கூட்டல் எக்ஸ், இருபத்தெட்டுக்குள். கல் பதினெட்டு டன் வரை.

பரீட்சையில் வந்தது தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. அதில் யாரும் ஏறி இறங்கவில்லை. தேறிவிட்டேன். மார்க்கைக் கேட்டால் சொல்லமாட்டேன்.

அறைக்குள் உட்கார்ந்த முதல் நாள், காலி எடை பத்து டன் என்று பதிந்திருந்த ஒரு வண்டி லோடோடு மேடையேறியது. டிரைவர் வழக்கம்போல் இறங்கினார். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன்.

“என்னாக்கா?”

“ஏறி உக்காருங்கண்ணே.”

“ஏறுனா அளவு தாண்டிடுங்க்கா.”

“காலி வண்டிக்கு உக்காந்திருந்தீங்கல்ல.”

“அது காலி வண்டிங்கக்கா!”

“அந்தப் பத்துக்குள்ள நீங்களும் இருக்கீங்கண்ணே.”

மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவளா இது என்று பார்த்தார். பிறகு ஏறினார். அளவு தாண்டியது. வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சம் கல்லைத் தள்ளிவிடச் சொன்னேன்.

வெயிலில் கல்லைத் தள்ளிக்கொண்டே அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஃபேன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.