அரிசோனாவுக்கும் சூலம் பார்த்தோம்

அம்மா பதினெட்டு வருடம் துடைத்த படம் ஒன்று உண்டு. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் அவள் துப்புரவு வேலை பார்த்தாள். அங்கே கூட்ட அறைச் சுவரில், ஆளுயரக் கண்ணாடிச் சட்டத்துக்குள், சிவப்பும் காவியுமாகப் பிளந்து கிடக்கும் ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அது எந்த ஊர் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் கூடப் போயிருந்தபோது, சட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். கிராண்ட் கேன்யன், அரிசோனா, அமெரிக்கா.

"நெஜமான எடமா? யாரோ வரைஞ்சதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அம்மா. அன்றைக்கு அந்தக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அப்பா நாலாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, சொல்லவும் மாட்டேன். அம்மா வேலையை விட்ட மாதமே தீர்மானித்துவிட்டேன். அரிசோனாவைக் காரில் சுற்றுவோம். கார் ஓட்டப்போவது நான்.

பிடோக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து ஆறு நாள் கட்டங்கள் போட்டேன். செவ்வாய்க்கிழமை பீனிக்ஸிலிருந்து வடக்கே சிவப்புப் பாறைகளின் ஊரான செடோனா. புதன்கிழமை இன்னும் வடக்கே, கிராண்ட் கேன்யன். பிறகு கிழக்கே, கோபுரம் கோபுரமாகப் பாறை நிற்கும் மானுமெண்ட் வேலி. அங்கிருந்து தெற்கே, மரங்கள் கல்லாகிப்போன காடு. அடுத்து மேற்கே, விண்கல் விழுந்த குழி. கடைசி நாள் தெற்கே பீனிக்ஸுக்குத் திரும்பி விமானம். குழி அப்பாவின் ஒரே கோரிக்கை. வானத்திலிருந்து கல் விழுந்த இடத்தைப் பார்க்காமல் அது என்ன டூர் என்று கேட்டார்.

இதற்கு மாமாவின் சம்மதம் வேண்டியிருந்தது. மாமா அம்மாவின் அண்ணன். தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அம்மாவை ஊரிலிருந்து இங்கே கட்டிக்கொடுத்தது அவர்தான். அன்றிலிருந்து அவரைக் கேட்காமல் அம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜொகூருக்குக்கூடப் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மாமா காகிதத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். அவர் கடையில் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் தினசரிக் காலண்டர்தான் அது.

"செவ்வாய், பொதன், ரெண்டு நாளும் வடக்க போறீங்க. ரெண்டு நாளும் வடக்க சூலம்."

ஒவ்வொரு கிழமையும் ஒரு திசைக்குப் போகக்கூடாது, அந்தத் திசையில் அன்றைக்குச் சூலம் என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. எனக்குத் தெரியாததல்ல. ஆறு வயதிலிருந்து தினமும் காலையில் அந்தத் தாளைக் கிழித்து அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவள் நான். தேதி, ராகு காலம், சூலம், பரிகாரம். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் முக்கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடும் இந்தச் சின்னத் தீவில் காரை எடுக்கும்போது யார் திசை பார்க்கிறார்கள்? ஆறு நாள் பயணம் போடும்போது மறந்தே போய்விட்டேன்.

மாமாவிடம் வேறு திட்டம் தயாராக இருந்தது. அவர் கடைக்குப் பின் சந்தில் ஒரு டூர் ஏஜென்ட் இருக்கிறாராம். முப்பத்தாறு பேர், ஒரே பஸ், வேளைக்கு நம் சாப்பாடு. அந்த ஏஜென்ட் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். கிராண்ட் கேன்யனில் நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது. பதினெட்டு வருடத்துக்கு நாற்பது நிமிடம்.

அம்மா என்னைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்தாள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்குச் சூலத்தில் நம்பிக்கை இல்லை. வாதாடியிருப்பேன், வாதத்தில் ஜெயித்தும் இருப்பேன். ஆனால் அந்த ஜெயம் அம்மாவைக் காருக்குள் உட்கார வைக்காது. அதனால் மாமாவின் காலண்டரையே எடுத்தேன். கிழமைகளை ஒரு பக்கமும் திசைகளை ஒரு பக்கமும் எழுதிக்கொண்டு, வேலைக்குப் போகும் ரயிலிலும் மதிய இடைவேளையிலும் நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில்தான் விடை பிடிபட்டது. வழியில் ஓரிடத்தையும் விட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை கிளம்பினால் போதும். வெள்ளி வடக்கே, சனி வடக்கே, ஞாயிறு கிழக்கே, திங்கள் தெற்கே, செவ்வாய் மேற்கே, புதன் தெற்கே. ஒரு நாளும் சூலம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் விரல் நின்றது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பகல் என்றால் நமக்குத் திங்கட்கிழமை ஆகிவிடும், திங்கட்கிழமை கிழக்கே சூலம், நம் குடும்பத்துக்கு நம் காலண்டர்தானே என்றார். நல்ல கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பதிலும் என்னிடம் இருந்தது. அங்கே காலை ஒன்பது மணிக்குத்தான் இங்கே நாள் மாறும். நாங்கள் தினமும் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவோம். அப்போது அவர்களுக்கும் ஞாயிறு, நமக்கும் ஞாயிறு.

மாமா காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

"சூலத்த விடு. பொம்பளப் புள்ள. நம்ம ஊரு மாதிரி இல்ல, வலது பக்கம் ஓட்டணும், ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. இந்தா இருக்கிற பொங்கோல் போறதுக்கே உங்கம்மா பிளாஸ்க்ல காப்பி எடுத்துட்டு வர்ற ஆளு. உங்கப்பாவுக்கு லைசென்ஸ்கூடக் கெடையாது."

"அதான் மச்சான், நான் பின்னால உக்காரப்போறேன்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் ரயிலில் உட்கார்ந்து நான் திருத்தியது அவருடைய காரணத்தையே அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தெச சரியில்லன்னு சொன்னீங்க, மாத்திட்டேன். நான் பொண்ணுங்கறத மாத்த முடியாது மாமா. மாத்தவும் மாட்டேன்."

மாமாவிடம் அப்படி யாரும் எங்கள் வீட்டில் பேசியதில்லை. குழாயை மூடிவிட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே காகிதத்தின் மேல் குனிந்தாள். அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. கட்டங்களை மட்டும் பார்த்தாள்.

"அந்தப் பள்ளத்தாக்கு எதுல இருக்கு?"

சனிக்கிழமைக் கட்டத்தைக் காட்டினேன். மத்தியானம் போய்ச் சேருவோம், மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்றேன்.

"ஒரு ராத்திரிதானா?"

"ஆமாம்மா."

"ரெண்டு ராத்திரி போடு."

நான் பேனாவை எடுக்கவில்லை. ஒரு கட்டம் நகர்ந்தால் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். மாமா என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிட்டார்.

"அப்ப திங்கக்கெழம கெழக்க போகணும். சூலம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. "கெழக்கன்னா தயிரு. ஒரு வாய் தயிர் சாப்டுட்டுக் கெளம்பினாப் போச்சு. உங்க கடைக் காலண்டர்லதான் போட்டிருக்கு அண்ணே."

"கடைசி நாள் வியாழக்கெழம ஆயிடும். தெக்க வர்றீங்க."

"தெக்கன்னா தைலம். அது என் கைப்பையிலயே கெடக்கு."

இருபது வருடத்துக்கு மேல் நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் அம்மா. ஒரு வரியையும் விட்டிருக்கவில்லை. நான் திசைகளோடு நிறுத்திக்கொண்டேன். அவள் பரிகாரம் வரைக்கும் வைத்திருந்தாள்.

"அவ ஓட்டுவா அண்ணே. நான் முன்னால உக்காந்து பாத்துக்கிறேன்."

மாமா காப்பி கேட்டார். குடிக்கும்வரை வியாபாரம் பற்றியே பேசினார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் என்னைப் பார்த்தார்.

"அங்க தயிர் கெடைக்குமா?"

"அங்கயும் மாடு இருக்கு மாமா."

அவர் மின்தூக்கிக்குப் போனதும் கட்டங்களை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கேன்யனுக்கு இரண்டு இரவு. திங்கட்கிழமைக் கட்டத்தில், எட்டு மணி என்ற வரிக்கு மேலே, தயிர் என்று எழுதினேன். அம்மா அது என்ன வார்த்தை என்று கேட்டாள். சொன்னேன். அதன் மேல் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்துப் பத்திரமா வை என்றாள்.