கொடியில் காய்ந்த பனியன்

திருப்பூரில் நானும் தங்கையும் வாடகைக்கு வீடு தேடியபோது, ஆண் துணை இல்லை என்றதுமே எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில், கணவர் லாரி டிரைவர் என்று பொய் சொல்லி, வீரபாண்டியில் ஒரு லைன் வீடு பிடித்தேன். அவர் வந்துபோனதாகக் காட்ட, வாரம் ஒருமுறை ஒரு புதுப் பனியனை நனைத்துக் கொடியில் போடுவேன்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நானும் பனியன் கம்பெனியில செக்கிங் பாத்தவதானுங்க. ஆளு போட்ட பனியன்னா கழுத்து தளர்ந்திருக்குமுங்க, கண்ணு."

பொய் பிடிபட்டுவிட்டது. ஆனாலும் தலை குனியவில்லை. "ஆம்பள யாரும் இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் தைச்சுத்தான் வாடகை தர்றோம்."

"அதை மறைக்கறதுக்கு இந்தப் பனியன் எதுக்குங்க? இங்கயே இருங்க, கண்ணு." என்று சிரித்தார்.

அன்றே அதைக் கிழித்துக் கரித்துணியாக்கினேன். ஆயிரக்கணக்கில் பனியன் தைத்திருக்கிறேன். பெருமையோடு கிழித்தது அந்த ஒன்றைத்தான்.