வாடகைக்குப் பதில் ஒரு தாள்

டில்லிபாபு எனக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். மாதம் ஆறாயிரம், ஏழு மாத வாடகை. வேறொருவர் என்றால் இரண்டாம் மாதமே சாமானைத் தெருவில் வைத்திருப்பார். நான் வைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய், துறைமுகத்தில் கன்டெய்னருக்குச் சங்கிலி பூட்டி, திருவொற்றியூரில் மூன்று மாடி எழுப்பியவன் நான். ஆளைப் பார்த்தாலே தெரியும் எனக்கு.

மாதவரத்தில் அவன் பில் போட்டுக்கொண்டிருந்த லாரி ஷெட்டை மூடிவிட்டார்கள். அதன் பிறகு காலையில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். அது வயிற்றுக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போனது. மத்தியானம் மேல்மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

"இன்னா டில்லி, நாளெல்லாம் தட்டிக்கினே கீற. துட்டு எங்க?"

"இது ஃப்ரீ சாஃப்ட்வேர் நைனா. யாரு வேணா எடுத்துக்கலாம்."

"ஊருக்கெல்லாம் ஃப்ரீ, எனக்கு மட்டும் பாக்கியா?"

சிரித்தான். பிறகு விளக்கினான். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஏற்ற வேண்டுமானால் அதற்கு முன் வேறு பத்து ஏற வேண்டுமாம். எது முதலில், எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்து ஏற்றிவிடும் கருவியைத்தான் இவன் பராமரிக்கிறான். முப்பது வருடம் கப்பலில் கன்டெய்னர் அடுக்கியதைப் பார்த்த எனக்கு அது உடனே விளங்கியது.

"சரி. வாடகை இல்லாத மாசம், இன்னா வேலை செஞ்சேன்னு தாள்ல எய்தினு வா. தமிழ்ல எய்து. நான் படிக்கணும்."

ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் தாளோடு இறங்கி வருவான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். வந்த புகார் அறுபத்தொன்று, தீர்த்தது பத்தொன்பது. அடுத்த மாதம் எழுபது, பதினாறு. ஒரு ஜெர்மன்காரருக்கு நான்கு தடவை பதில். ஐந்தாம் தாளில், 'போன மாதம் நான் செய்த திருத்தம் தப்பு. பலருக்கு வேலை நின்றது. திரும்ப எடுத்துவிட்டேன்' என்று இருந்தது.

"இத்த அடிச்சிடு. நம்ம தப்ப நாமளே எய்துவாங்களா?"

"பன்னெண்டு நாளு அதுலயே பூட்ச்சு நைனா. அத்த அடிச்சா நான் தூங்கினா மாதிரி ஆயிடும்."

அடிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விட்டுத் தொலையேன் என்றேன். முன்னால் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டவரும் அலுத்துப்போய்த்தான் இவனிடம் கொடுத்தாராம். இவனிடமிருந்து வாங்க ஆள் இல்லையாம்.

ஏழாம் தாள் வந்த வாரம், இப்படி ஃப்ரீயாக உழைப்பவர்களுக்குப் பணம் தரும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, உதவி கேட்டு எழுதியிருந்த இவனிடம், செய்த வேலைக்கு மாதவாரியாகக் கணக்குக் கேட்டது. இரண்டு நாளில் வேண்டும். டில்லி தலையைப் பிடித்துக்கொண்டான். செய்த திருத்தமெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. யாருக்கு என்ன பதில் சொன்னான், எதற்கு எத்தனை நாள் போனது என்பது அதில் இல்லை.

நான் பீரோவைத் திறந்தேன். வீட்டு வரி ரசீதோடு ஏழு தாளும் தேதி வரிசையில் இருந்தன. எந்தக் காகிதத்தையும் நான் தூக்கிப் போட்டதில்லை.

அப்படியே இங்கிலீஷில் மாற்றி அனுப்பினான். அந்த ஐந்தாம் தாளைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் விசாரித்தார்களாம். படித்தவர்கள் புத்தி எனக்குப் புரியாது. ஆனால் தாள் கேட்டது யார்? நான்தான்.

மாதம் முடிவதற்குள் பணம் வந்தது. வங்கியிலிருந்து நேராக என்னிடம் வந்தான்.

"இப்போ எத்தினி புகாரு நிக்குது?"

"எரநூத்தி முப்பது நைனா."

கையை நீட்டினேன். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணத் தொடங்கினான். பாதியில் கண் சொருகி எண்ணிக்கை தப்பியது. ஒரு பெருமூச்சு விட்டு, முதலிலிருந்து எண்ணி, எண்பத்து நான்கையும் என் கையில் வைத்தான்.