ஆப்பக்காரியின் இடது கை

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே, என் பணத்துக்கு ஏற்ற சாப்பாடு இந்த ஆப்பம்தான். அரையணாவுக்கு ஒன்று. முதல் வாய் வைக்கும்போது, ஆப்பக்காரி காய்ந்த இரும்புச் சட்டியை வெறும் இடது கையால் அடுப்பிலிருந்து தூக்குகிறாள். துணி இல்லை. தோல் பொசுங்கும் நாற்றம் வருகிறது. அவள் முகம் மாறவே இல்லை.

"அக்காளுக்கு இரும்புக் கை! நெருப்பே பயந்துகினு ஓடும்," என்று சிரிக்கிறார் பக்கத்தில் சாப்பிடும் ஜட்காக்காரர்.

நான் அவள் கையை உற்றுப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் பயின்றவள் நான். முழங்கையில் வெளிறிய தேமல், மடங்கிய சுண்டுவிரல், சூடு தெரியாத தோல். தொழுநோயாக இருக்கலாம். சத்தமாகச் சொன்னால் இன்றோடு கடை போய்விடும். சொல்லாவிட்டால் விரல்கள் போய்விடும்.

இலையை ஒதுக்கினால் ஜட்காக்காரருக்குச் சந்தேகம் வரும். அதனால் மிச்சத்தையும் சாப்பிடுகிறேன். அவர் எழுந்து போனதும் அவளிடம் மெதுவாகச் சொல்கிறேன். இப்போது மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாகும் என்றும் சொல்கிறேன்.

அவள் கரண்டி மாவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

"எப்போ தெரிஞ்சிது உனுக்கு?"

"நீங்க சட்டியைத் தூக்கினதுமே."

என் காலி இலையைப் பார்க்கிறாள்.

"தெரிஞ்சுமா துன்ன?"

"ஆமாம்."

விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"ஆஸ்பத்திரி எங்க கீதுன்னு தெரியும். தனியா போவத்தான் பயமா கீது. நீ கூட வர்றியாம்மா?"