மச்சானுக்கு ஒரு வண்டி, மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி

குரும்பலூர் அய்யம்பெருமாளுக்கு யார் மேலாவது சந்தேகப்படாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. கேஸ் சிலிண்டர் வந்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்ப்பதா, குழாயைப் பார்ப்பதா என்று இருக்கிற கண் போதாமல் தவிப்பார். மக்காச்சோள விதைக் கம்பெனிக்காகப் பெரம்பலூரிலிருந்து ஆண்டிமடம் வரைக்கும் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை அவருக்கு. எந்த ஊரில் எந்தக் கடைக்காரன் எடையில் கைவைப்பான் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார்.

ஆனால் அத்தனை சந்தேகமும் வயிற்றுக்குள்ளேதான். முகத்துக்கு நேரே ஒரு ஆளை ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வராது. புது பைக் வந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தில் யாருக்கு டவுனுக்குப் போக வேண்டியிருந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். சிரித்த முகத்தோடு சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்புவதற்குள் என்னத்தைக் கழற்றிக்கொள்வார்களோ என்று உள்ளுக்குள் வேகத் தொடங்குவார். மனைவி மலர்கொடி இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தாள்.

அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தது ராஜராஜன். அய்யம்பெருமாளின் ஒரே தங்கை சத்யாவின் வீட்டுக்காரன், அரியலூரில் செல்போன் கடை வைத்திருப்பவன். சூதுவாது தெரியாத கலகலப்பான மனிதன். தனக்கு ஒன்று வாங்கிய ஷோரூமுக்கே மச்சானையும் கூட்டிப்போனான், அங்கே சேல்ஸில் இருந்தவன் அவனுடைய கூட்டாளி. ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள்தான். ராஜராஜனின் வண்டியில் பின் ஸ்பிரிங்குகளின் பக்கத்தில் குலுக்கலைத் தாங்கச் சின்னதாக ஒரு கேஸ் குப்பி இருக்கும், மச்சான் வண்டியில் அது கிடையாது. ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, நம்ம ரோட்டுக்கு இதுவே போதும் என்று ராஜராஜன் சொல்ல, அய்யம்பெருமாளும் தலையாட்டிவிட்டார்.

முதல் மாதம் வண்டி சொன்னபடி கேட்டது. முதல் சர்வீஸுக்கு அதே ஷோரூமில் விட்டு எடுத்த பிறகுதான் வினை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குதறிப்போட்டிருக்கும் அரியலூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து தட்டியது. வளைவில் சாய்த்தால் பின்சக்கரம் தவளை மாதிரி குதித்து வெளியே ஒதுங்கியது. ஒருமுறை எதிரே லாரி வர, உயிர் போய் வந்தது.

மெக்கானிக் யாரிடமாவது காட்டியிருக்கலாம். மலர்கொடியின் தையல் கடையை ஒட்டினாற்போல வாசிமின் பட்டறை இருக்கிறது, நல்ல வேலை தெரிந்த பையன். ஆனால் மெக்கானிக் என்றால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டுகிறவன் என்பது அய்யம்பெருமாளின் தீர்மானம். வீட்டில் முதுகு வலிக்கிறது என்று மட்டும் புலம்பினார். அவர் குறை சொல்லாத பொருள் அந்த வீட்டில் ஒன்றும் இல்லாததால் மலர்கொடி அதைக் காதில் வாங்கவில்லை.

படுத்தால் எழுந்தால் அதே யோசனை. சர்வீஸுக்கு விட்டபோது ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். கூட்டாளி செய்தது ராஜராஜனுக்குத் தெரியாமலா இருக்கும்? அடுத்த மாதம் சத்யாவின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அய்யம்பெருமாளை விட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு மாமன் கிடையாது. ஏமாற்றியவன் வீட்டு வாசலில் போய் எந்த முகத்தோடு மடியைக் கொடுப்பது என்று மருகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜராஜன் குரும்பலூர் வந்திருந்தான். அவன் கிளம்பும்போது தனக்கும் அரியலூரில் வேலை இருப்பதாகச் சொல்லி அய்யம்பெருமாளும் சேர்ந்து கிளம்பினார். அவனை முன்னே விட்டுப் பின்னால் போனார். வேகத்தடைகளில் அவன் வண்டி அமுங்கி எழுந்தது, இவர் வண்டி எகிறி விழுந்தது. வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, உங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று மாற்றிக்கொண்டார். அதே ரோடுதான். பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை, வளைவில் வண்டி கோடு போட்டது போலத் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் இவருடைய வண்டியில் ராஜராஜன் குதித்துக்கொண்டு வந்தான். அந்தக் காட்சிதான் அவர் வாயைத் திறந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆளை முகத்துக்கு நேரே கேட்டார்.

"ஒரே இன்ஜினு, ஒரே வண்டின்னு சொன்னீங்க. உங்களுது மட்டும் எப்படி மாப்ள மெத்தையாட்டம் போவுது?"

ராஜராஜன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மச்சான் வண்டியின் ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தான். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. என் வண்டியையே நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று சொல்லிவிட்டு, இவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு லேசில் ஒருவன் விட்டுக்கொடுக்கிறான் என்றால் குற்றமுள்ள நெஞ்சுதான் என்று அய்யம்பெருமாள் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். காதுகுத்துக்குப் போவதில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் காதில் மலர்கொடி போனில் பேசுவது விழுந்தது.

"வாசிம் தம்பி, வண்டிய மாத்திட்டு வந்திருக்காரு. அதுக்குப் பண்ணுன மாதிரியே இதுக்கும் பின்னாடி ஸ்பிரிங்க கடைசி வரைக்கும் இறுக்கி வுட்டுடு. இன்னைக்கே எவனாவது வண்டி கேட்டு வந்துடுவான்."

கொடியில் போட எடுத்த துண்டோடு அவள் எதிரே போய் நின்றார். மலர்கொடி ஒளிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சாவியைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள், ஒருமுறை முதுகு நொந்தால் அடுத்தமுறை கேட்க மாட்டார்கள் என்றுதான் சர்வீஸ் முடிந்து வந்த அன்றே இறுக்கச் சொன்னேன் என்றாள். ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக ஒரு வளையம் உண்டாம், கடைசிப் படிக்குத் திருகிவிட்டால் ஒற்றை ஆளுக்கு அமுங்கவே அமுங்காதாம். உங்களிடம் சொல்லியிருந்தால் வாசிம் ஸ்பிரிங்கைத் திருடிவிட்டான் என்பீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அன்றே அரியலூருக்குப் போனார். வழியெல்லாம் வண்டி மெத்தையாகத்தான் போனது, அவருக்குத்தான் உடம்பு கூசியது. ராஜராஜன் கடையில் தனியாக இருந்தான். அய்யம்பெருமாள் தொடங்குவதற்கு முன்னால் அவனே சொன்னான்.

"ஸ்பிரிங்கு கடைசிப் படியில இருக்கறத நேத்தே பாத்துட்டேன் மச்சான். நீங்கதான் இறுக்கி வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. காதுகுத்துக்குச் சீர் செய்யணுமேன்னு சண்டைக்கு வழி தேடுறீங்க. செய்ய முடியலன்னா சொல்லிட்டுப் போங்க, நாங்க என்ன கேக்கவா போறோம்?"

அய்யம்பெருமாள் மலர்கொடி செய்ததை, தான் நினைத்ததை, ஒன்று விடாமல் சொன்னார். வண்டி இரவல் கேட்டு வருகிறவர்களை விரட்டுவதற்காக ஒருத்தி சொந்தப் புருஷன் முதுகையே பஞ்சராக்கினாள் என்பது, சொல்லும்போது அவருக்கே பொய்யாகக் கேட்டது. ராஜராஜன் முழுக்கக் கேட்டான்.

"சரி மச்சான், அப்படியே இருக்கட்டும்" என்றான்.

அவன் நம்பவில்லை. நம்பாதவன் எப்படிப் பார்ப்பான் என்பது அய்யம்பெருமாளைவிட யாருக்குத் தெரியும்?

காதுகுத்து நடந்தது. அய்யம்பெருமாள்தான் மடியைக் கொடுத்தார். மலர்கொடி தாம்பாளத்தில் வைத்திருந்த மாமன் சீர்த் தோட்டை ஆசாரியிடம் எடுத்துக் கொடுக்க ராஜராஜன் முன்னால் வந்தான். விலை கேட்காமல் பொருள் வாங்குகிறவன், ஷோரூமில் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். அவன் அந்தப் பொட்டுத் தோட்டை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பின்னால் தங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

அய்யம்பெருமாளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. குழந்தை அழத் தொடங்கியது. தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.